பேச்சைக் கடைசியில் வெட்டுங்கள்: சிங்கப்பூரில் ஒருவரை விட்டு விலக நினைப்பவர்களுக்கு

ஊரில் ஒருவரோடு மனத்தாங்கல் வந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். அவர் வீடு அவருக்கு, நம் வீடு நமக்கு. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் போதும். சிங்கப்பூருக்கு வந்த புதிதில் அது நடக்காது. இங்கே நம்மை நோகடிப்பவர் பெரும்பாலும் நமக்கு ஏதோ ஒரு வகையில் கைகொடுத்தவராகவே இருப்பார். வேலைக்குச் சொல்லிவிட்ட மாமா, அறை பிடித்துக் கொடுத்த ஊர்க்காரர், முதல் சம்பளம் வரும்வரை ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கைமாற்று தந்த நண்பர், நம்மை இங்கே கூட்டிவந்த கணவர் அல்லது அவருடைய அக்கா. நாம் படுக்கும் கட்டில், கையில் இருக்கும் சிம், ஊருக்குப் பணம் போகும் வழி, எல்லாவற்றிலும் அவர் பெயர் ஒட்டியிருக்கும். அந்த முடிச்சுகளை அவிழ்க்காமல் கோபத்தில் "இனி உன் சங்காத்தமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியோடு அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழே நிற்க வேண்டிவரும். அப்படி நின்றவர்கள் உண்டு.

அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழானது. முதலில் காகிதம், அப்புறம் பணம், அப்புறம் வீடு. வாய்ப்பேச்சு கடைசி.

அதற்கு முன் ஒன்று. அடி, கத்தி, கொலை மிரட்டல், அறையில் பூட்டி வைப்பது என்று ஏதாவது இருந்தால் இந்த வரிசை உங்களுக்கானது இல்லை. உடனே 999. வாய்விட்டுப் பேச முடியாத நிலையில் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். குடும்ப வன்முறைக்கு இரவு பகலாக இயங்கும் தேசிய உதவி எண் 1800 777 0000. பெட்டி, துணிமணி எல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டும் வேலை அட்டையும் கைக்கு எட்டினால் எடுங்கள், எட்டாவிட்டால் அதற்காகத் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

எவ்வளவு தூரம் விலகப் போகிறீர்கள்?

எல்லா விலகலும் ஒரே அளவு இல்லை. பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் இல்லை என்பது ஒரு அளவு. நல்லது கெட்டதுக்கு மட்டும் என்பது இன்னொன்று. முகத்திலேயே விழிப்பதில்லை என்பது கடைசி. எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளாவிட்டால், அன்றன்றைய கோபம் முடிவு செய்யும். திங்கட்கிழமை பிளாக் செய்வீர்கள், வெள்ளிக்கிழமை மனம் கேட்காமல் எடுத்துவிடுவீர்கள். இப்படி நாலு தடவை நடந்தால் எதிராளிக்கு உங்கள் பலவீனம் மனப்பாடமாகிவிடும்.

முடிவுக்கு வர ஒரு வழி உண்டு. ஒரு தாளில் அவர் செய்ததை எழுதுங்கள். "என்னை மதிப்பதில்லை" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். "என் சம்பளத்தை நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார்", "வாங்கிய முந்நூறு வெள்ளியைக் கேட்டதற்கு ஊரில் என் அப்பாவுக்குப் போன் போட்டு என்னைப் பற்றிப் பொய் சொன்னார்" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் படியுங்கள். சில விஷயம் படிக்கும்போதே சப்பென்று ஆகிவிடும். அதற்குத் தலையசைப்பு தூரம் போதும். சில விஷயம் மறுபடியும் வயிற்றைக் கலக்கும். அதுதான் உங்கள் பதில்.

ஆள் ஒரே வேலையிடத்தில் இருந்தால், அதுவும் உங்கள் மேற்பார்வையாளராக இருந்தால், முழு விலகலுக்கு இப்போதைக்கு வழியில்லை. வேலைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேறு வேலை தேடுங்கள். சம்பளத்தில் கை வைத்திருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். சம்பள முறையீட்டுக்குக் கெடு உண்டு: வேலையில் இருக்கும்போது சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டு, வேலையை விட்டுவிட்டால் விட்ட நாளிலிருந்து 6 மாதம்.

காகிதமும் கைபேசியும்

இதில்தான் அதிக நேரம் போகும். போகட்டும்.

பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். "பத்திரமா இருக்கட்டும்னு நானே வச்சிருக்கேன்" என்று உறவினரோ முதலாளியோ சொன்னாலும் சரி. ஊழியரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். சண்டை வருவதற்கு முன்பே, "பேங்க்ல கேக்கறாங்க அண்ணே" என்று சாதாரணமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். இது சின்னப் பொய்தான், சாமி மன்னிக்கும்.

அடுத்தது சிங்பாஸ், அதாவது அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் மின்னடையாளம். வந்த புதிதில் ஆங்கிலம் புரியாமல் பலர் அடுத்தவர் கைபேசியில், அடுத்தவர் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். உள்ளே போய் எந்தக் கைபேசி எண், எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதாக மாற்றுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். சிங்பாஸ் விவரத்தை அடுத்தவர் கையில் கொடுத்து அது மோசடிக்குப் பயன்பட்டால் கொடுத்தவரும் மாட்டுவார். உறவுக்காரர் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. வங்கி அட்டையும் அப்படித்தான்.

சிம் யார் பெயரில்? மாமா பெயரில் எடுத்த எண்ணாக இருந்தால், மாமா நினைத்த நாளில் அது நின்றுபோகும். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல், பேநவ் (கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் வசதி), சிங்பாஸ் எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. உங்கள் பெயரில் ஒரு புது சிம் வாங்கி, முதலில் வங்கியிலும் சிங்பாஸிலும் எண்ணை மாற்றி, அவை வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பழைய சிம்மைத் திருப்பிக் கொடுங்கள். வரிசை மாறினால் உங்கள் கணக்கு உங்களுக்கே திறக்காது. சிம் ஏற்கெனவே உங்கள் பெயரில்தான் என்றால் எண்ணை மாற்றுவது வீண் அலைச்சல். ஆளைத் தடுத்தாலே போதும்.

வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் போய், இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். என்றோ ஒருநாள் அறை நண்பரின் மடிக்கணினியில் படம் இறக்கத் திறந்திருப்பீர்கள். அது இன்னும் திறந்தே இருக்கலாம், இருந்தால் நீங்கள் எழுதுவதெல்லாம் அங்கேயும் தெரியும். அப்படியே கூகுள் மேப்பில் இடம் பகிர்வு யாருக்காவது போகிறதா என்றும் பாருங்கள். கணவன் மனைவிக்குள் இது அதிகம்.

நீண்டகால வருகை அட்டையிலோ சார்ந்திருப்போர் அட்டையிலோ வந்தவர்களுக்கு ஒரு கனமான கேள்வி உண்டு. நீங்கள் இங்கே இருப்பதே அவர் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் என்றால் என்ன செய்வது? சார்ந்திருப்போர் அட்டை, வேலை பார்ப்பவரின் அட்டையோடு கட்டப்பட்டது. அது போனால் இதுவும் போகும். ஆகவே விலகும் முன் சட்டம் தெரிந்தவரிடம் பேசிவிடுங்கள். பல சமூக மன்றங்களில் இலவசச் சட்ட ஆலோசனை நேரம் இருக்கிறது. குடும்பச் சேவை நிலையத்திலும் சிண்டாவிலும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) தமிழ் பேசுபவரைக் கேட்கலாம். அட்டை போய்விடும் என்று பயந்து அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவுக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ ஆனவர்கள் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். மத்திய சேமநிதிப் பணம் உயிலில் வராது. நியமனப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். திருமணமானால் பழைய நியமனம் தானாக ரத்தாகிவிடும், மணமுறிவானால் ஆகாது. பிரிந்து பல வருடம் ஆன பிறகும் பழைய துணையின் பெயர் அங்கே உட்கார்ந்திருப்பது இப்படித்தான். மற்றொன்று, நாளை சுயநினைவு தப்பினால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ. அண்ணன் பெயரில் செய்து வைத்துவிட்டு அண்ணனோடு பேச்சில்லை என்றால், சுயபுத்தியோடு இருக்கும்போதே அதை ரத்து செய்யலாம், செய்துவிடுங்கள்.

கணக்கைத் தீர்ப்பது

ஈசூன் பக்கம் ஒரு தம்பி செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அறைக்கு மூத்தவரிடமிருந்து விலக வேண்டும். நாலு மாதமாகக் கிண்டல், குத்தல், குடித்துவிட்டு வந்து அம்மாவை இழுத்துப் பேச்சு. தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து, கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனான். ஒரு தே ஓ, ஒரு கோப்பி. சட்டைப்பையிலிருந்து நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான். அறை முன்பணம், அந்த மாத வாடகை, மின்சாரப் பங்கு, எப்போதோ வாங்கிய கைமாற்று, சேர்ந்து வாங்கிய சோற்றுப் பானைக்கு அவன் போட்ட நாற்பது வெள்ளி.

"நமக்குள்ள என்னடா கணக்கு?" என்றார் அவர், குரலில் கொஞ்சம் கடுப்போடு.

"இல்லண்ணே, எழுதி வச்சாத்தான் எனக்கு மனசு நிக்கும். நீங்களே பார்த்துச் சொல்லுங்க, ஏதாவது விட்டுப்போச்சா?"

அவர் பார்த்தார். சோற்றுப் பானை தனக்கே வேண்டும் என்றார். தம்பி அந்த நாற்பதை அடித்துவிட்டான். மிச்சத்தை அங்கேயே பேநவில் அனுப்பி, குறிப்பு போடும் இடத்தில் "இன்று வரை எல்லாம் தீர்ந்தது" என்று எழுதினான். அப்புறம் அந்தத் தாளைப் படம் பிடித்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவரும் கட்டைவிரல் ஒன்றைப் போட்டார். அந்தக் கட்டைவிரல்தான் ரசீது. பின்னால் "எனக்கு எண்ணூறு தரணும்" என்று ஊரெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, தம்பி யாரிடமும் வாதாடவில்லை. கேட்ட ஒருவரிடம் மட்டும் படத்தைக் காட்டினான்.

இதில் கவனிக்க வேண்டியது சோற்றுப் பானை. சின்னதை விட்டுவிடுங்கள். நாற்பது வெள்ளிக்காக இன்னொரு சந்திப்பு, இன்னொரு சண்டை, இன்னொரு ராத்திரித் தூக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். பெரிய தொகையை விட வேண்டாம். நண்பருக்குக் கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரமாகும், ஆகவே கோபத்தில் பழைய உரையாடலை அழித்துவிடாதீர்கள். அறை முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது வேறு கதை. 2 ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நண்பருக்குக் கொடுத்த கைமாற்றை மட்டும் அங்கே கொண்டுபோக முடியாது. அதற்கு நீதிமன்றம்தான்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் உறவை வெட்டினாலும் கையெழுத்து வெட்டுப்படாது. அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களைத்தான் தேடும். கடன் தீரும்வரை அந்த ஆளோடு தலையசைப்பு தூரத்திலாவது இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஆ லோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) வாங்கியவர் என்றால் அதுவும் கிடையாது. உங்கள் முகவரியை அவர் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்த அன்றே போலிஸில் சொல்லிவிடுங்கள். மிரட்டுவதற்காகக் கதவில் சாயம் ஊற்ற வருகிறவனுக்கு யார் வாங்கியது என்பது முக்கியம் இல்லை, வீட்டு எண்தான் முக்கியம்.

அறை மாறுவது

சாவி, தபால்பெட்டிச் சாவி, மின்பூட்டின் எண். இந்த மூன்றையும் ஒப்படைத்ததற்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். புது இடம் பிடிக்கும்போது அதே ஊர்க்காரர் கூட்டத்திலேயே அறை தேடினால் பழைய ஆள் மூன்றாம் நாள் விருந்தாளியாக வந்து உட்காருவார். உட்லண்ட்ஸில் இருந்தால் பொங்கோல் பக்கம் பாருங்கள். வேலைக்குப் போக அரை மணி கூடும், பரவாயில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம் என்பது விதி. "ரெண்டு மாசம் மட்டும் இருந்துக்குங்க, பதிவெல்லாம் வேண்டாம்" என்பவரிடம் மாட்டாதீர்கள். அங்கே ஒன்று நடந்தால் உங்கள் பக்கம் பேச ஒரு தாள்கூட இருக்காது.

முகவரி மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மாறிய 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேலை அனுமதிச் சீட்டுக்காரர்கள் நிறுவனத்திடம் சொன்னால் அவர்கள் பதிவு செய்வார்கள். இல்லாவிட்டால் உங்கள் வங்கிக் கடிதங்கள் பழைய தபால்பெட்டிக்குப் போய், பழைய ஆள் அதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார்.

இப்போது பேசலாம்

எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பாதிப் பேருக்குச் சொல்லவே தேவையில்லை. பதில் தாமதமாகும், அழைப்பு குறையும், தானாகவே அடங்கிவிடும். நெருக்கமாக இருந்தவருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்வது மரியாதை. அது மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது.

"அண்ணே, கொஞ்ச நாளா நடந்தது எனக்கு மனசுக்கு ஒத்துவரலை. இனிமே பேச்சு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன்."

அவ்வளவுதான். கடைசி வரியைச் சிலர் போலித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் மாதம் சோறு போட்டவர் பின்னால் நோகடித்தார் என்பதால் அந்தச் சோறு இல்லையென்று ஆகிவிடாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. "நன்றி கெட்டவன்" என்பதுதான் நம் ஆட்களிடம் அடுத்து வரப்போகும் குற்றச்சாட்டு. அதை முன்கூட்டியே எழுத்தில் அடைத்துவிடுகிறீர்கள்.

காரணங்களைப் பட்டியல் போட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மறுப்பு வரும், மறுப்புக்கு நீங்கள் ஒரு விளக்கம் எழுதுவீர்கள், பேச்சை நிறுத்த வந்தவர் ராத்திரி இரண்டு மணிவரை தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். முதலில் எழுதினீர்களே ஒரு தாள், அது உங்களுக்கு மட்டும்.

குரல்பதிவும் வேண்டாம். அது பத்துக் குழுவுக்குப் போகும். நீங்களும் அவருடைய படம், எண், வேலையிடம் இதையெல்லாம் முகநூலில் போட்டு "இவரிடம் ஜாக்கிரதை" என்று எழுதாதீர்கள். ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய தனிப்பட்ட விவரத்தை வெளியிடுவது, துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி குற்றம். காயம்பட்டவர் நீங்களாக இருந்தும் வழக்கில் நிற்பதும் நீங்களாகிவிடும்.

ஊரிலிருந்து வரும் போன்

இந்த வேலையிலேயே கஷ்டமானது இதுதான். நீங்கள் விலகிய செய்தி உங்கள் அம்மாவை எட்ட ஒருநாள் போதும். அம்மா அழுவார். "அவங்க இல்லாட்டி நீ அங்க போயிருக்க முடியுமா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?" என்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதால்தான் அது வலிக்கிறது. "எனக்கு யாரும் வேண்டாம்" என்று வீராப்பு பேசுவதைவிட, இங்கே வேறு இரண்டு பேர் பெயரையும் எண்ணையும் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பக்கத்து அறைக்காரர், வேலையிடத்து நண்பர், யாராக இருந்தாலும் சரி. அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஆபத்துக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அழுகை பாதியாகக் குறையும்.

அப்பாவிடம் நடந்ததைச் சொல்வதா வேண்டாமா? என்னைக் கேட்டால், பெற்றவர்களுக்கு ஒரே ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். முழுக்கதையும் சொன்னால் அவர் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார், இரண்டு குடும்பத்துக்கும் பகையாகும். ஒன்றுமே சொல்லாவிட்டால் தப்பு உங்கள் மேல்தான் என்று முடிவாகிவிடும்.

தூது வருபவர்கள் தனி ரகம். "அவன் ரொம்ப வருத்தப்படுறான்டா, ஒரு வார்த்தை பேசிடு." இவர்களோடு சண்டை வேண்டாம். "சரி மச்சான், பார்க்கலாம். நீ எப்படி இருக்க, ஓவர்டைம் இருக்கா?" என்று பேச்சைத் திருப்புங்கள். இரண்டு மூன்று தடவை பேச்சு ஓவர்டைமிலேயே முடிந்தால் தூது நின்றுவிடும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவதாக இருந்தால் சத்தமில்லாமல் விலகலாம், இப்போது குழு நிர்வாகிக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆளைத் தடுத்துவிட்டு அதே குழுவில் இருந்தால், நீங்கள் அங்கே போடுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

தேக்காவில் எதிரே வந்தால்

வருவார். இந்த ஊரில் தமிழர்கள் போகும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஞாயிறு சாயங்காலம் தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், தீபாவளிக்கு முந்தின வாரம் கேம்பல் லேன். எதிரே வந்தால் ஓடி ஒளிய வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். தலையை லேசாக அசைத்துவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள். நின்றால்தான் பேச்சு வரும். ஆரம்பத்தில் சில மாதம் நேரத்தை மாற்றிக்கொள்வதும் தப்பில்லை. தேக்கா சந்தைக்கு ஞாயிறு மாலைக்குப் பதில் சனி காலை போங்கள், மீனும் நன்றாக இருக்கும்.

கல்யாணத்தில் அத்தைமார்கள் கேட்பார்கள். "என்னப்பா, உன் சித்தப்பா அங்க உட்கார்ந்திருக்காரு, நீ இங்க உட்கார்ந்திருக்க?" இதற்கு உண்மையும் வேண்டாம் பொய்யும் வேண்டாம். "பார்த்தேன் அத்தை. நீங்க சாப்பிட்டீங்களா, இலை போட்டாச்சு பாருங்க." அத்தைக்கு எல்லாம் புரிந்துவிடும். மொய் எழுதிவிட்டு, மணமக்களை வாழ்த்திவிட்டு, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சாவு வந்தால்? நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அவர் வீட்டில் ஒரு இழவு விழுந்த செய்தி வந்து, அப்போது உட்கார்ந்து யோசித்தால் குழம்பிப்போவீர்கள். இப்போதே முடிவு செய்து வையுங்கள். அவருடைய அம்மா உங்களுக்குச் சோறு போட்டவர் என்றால் போங்கள், அந்த அம்மாவுக்காகப் போங்கள். இங்கே ஒரு வசதி இருக்கிறது. துக்கம் பெரும்பாலும் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் நடக்கும். அங்கே தாண்டிப் போக வேண்டிய வீட்டு வாசல் இல்லை, நாலு பக்கமும் திறந்த இடம். நேராகப் போய் உடலுக்குக் கும்பிட்டுவிட்டு, ஓரத்து நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகலாம். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவது நம் வழக்கமும் இல்லை. மண்டாய் தகனச்சாலை வரைக்கும் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து அழுதால் பிடிக்க விடுங்கள். அதை சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மறுநாள் போன் செய்யவும் வேண்டாம்.

விடமாட்டேன் என்பவருக்கு

நீங்கள் போன பிறகும் வேலையிடத்து வாசலில் நிற்பது, வேறுவேறு எண்ணிலிருந்து அழைப்பது, மிரட்டுவது என்று இருந்தால் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். செய்திகள் தெரியும் கைபேசித் திரையைப் படம் பிடித்து வையுங்கள். "இனி தொடர்புகொள்ளாதீர்கள்" என்று ஒரே ஒரு முறை எழுத்தில் சொல்லுங்கள், அதற்கப்புறம் எந்தச் செய்திக்கும் பதில் போடாதீர்கள். திட்டிப் பதில் போட்டால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டதாகத்தான் படிப்பவருக்குத் தெரியும்.

அவர் குடும்பத்தவர் என்றால், அதாவது கணவர், மனைவி, பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தவர், பிள்ளை என்றால், குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அடித்தால்தான் வன்முறை என்று இல்லை. மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தில் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், மனத்தளவில் கொடுமைப்படுத்துவதையும் கட்டுப்படுத்தி வைப்பதையும் குடும்ப வன்முறை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பெயர் மாதர் சாசனம் என்றாலும் ஆண்களும் உத்தரவு கேட்கலாம். ஆபத்து உடனடியானது என்றால் விசாரணை முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பு கிடைக்கும். அறை நண்பர், பழைய காதலர், வேலையிடத்தார் என்றால் 2014ஆம் ஆண்டு வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம். அதற்கென்று 2021 முதல் தனி நீதிமன்றமே இருக்கிறது.

கணவன் மனைவி பிரிவதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை, அது தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரிது. ஒன்று மட்டும். கல்யாணமாகி 3 ஆண்டு ஆகாமல் இங்கே மணமுறிவு மனுப் போட, தாங்க முடியாத கொடுமை போன்ற விதிவிலக்கான காரணத்தைக் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்பு உத்தரவுக்கு அந்த மூன்றாண்டுக் கணக்கு கிடையாது.

பெற்றவர்களே நோகடித்தவர்களாக இருப்பதும் உண்டு. நம்மில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிங்கப்பூரில் 60 வயது நிரம்பிய பெற்றோர், தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கச் சட்டம் இருக்கிறது. பேசுவதில்லை என்பதாலேயே அந்தக் கடமை போய்விடாது. ஆனால் 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதாகவோ கைவிட்டதாகவோ பதிவு உள்ள பெற்றோர், மனுப் போடும் முன் பெற்றோர் பராமரிப்பு நடுவர் மன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். சின்ன வயதில் நடந்ததற்கு ஏதாவது பதிவு இருந்தால், மருத்துவமனைச் சீட்டானாலும் சரி, பள்ளி ஆலோசகரின் கடிதமானாலும் சரி, தூக்கிப் போடாதீர்கள். பணம் மட்டும் மாதாமாதம் அனுப்பிவிட்டு பேச்சு வைத்துக்கொள்ளாதவர்களை எனக்குத் தெரியும். அதுவும் ஒரு வழிதான்.

ஞாயிற்றுக்கிழமைகள்

விலகிய முதல் சில ஞாயிறு வெறிச்சென்று இருக்கும். வேலை நாளில் தெரியாது. அந்த ஆளோடு பிரியாணி சாப்பிட்ட நேரம், ஊர்க்கதை பேசிய நேரம் எல்லாம் காலியாகக் கிடக்கும். பழைய எண்ணுக்கு விரல் போவது அந்த மத்தியானத்தில்தான். ஆகவே முன்கூட்டியே ஏதாவது போட்டு வையுங்கள். கோயில் அன்னதானத்தில் பரிமாறக் கை கேட்பார்கள், போய் நில்லுங்கள். விக்டோரியா தெருவில் தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் அலமாரி அலமாரியாக இருக்கிறது, குளுகுளுவென்றும் இருக்கும். மனம் ரொம்பவும் கீழே போனால், உயிரே வேண்டாம் என்று தோன்றினால், 1767ஐ எந்த நேரமும் அழைக்கலாம். 1771 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

திரும்பி வந்தால்

சிலர் ஒரு வருடம் கழித்து வருவார்கள். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒன்று, அப்புறம் "தப்பு என் மேலதான்" என்று ஒரு செய்தி. உடனே பதில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. மன்னிப்பில் என்ன நடந்தது என்று அவராகவே சொல்கிறாரா என்று பாருங்கள். "ஏதாச்சும் தப்பா நடந்திருந்தா மன்னிச்சிடு" என்பவருக்கு என்ன நடந்தது என்று இன்னும் தெரியவில்லை. "உன் அப்பாகிட்ட நான் சொன்னது பொய்தான்" என்பவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாமவராக இருந்து, உங்களுக்கும் மனம் இருந்தால், ஒரு கோப்பிக்கடையில் ஒரு மணி நேரம் பாருங்கள். அவர் அறைக்குப் போக வேண்டாம், உங்கள் அறைக்கும் வரச் சொல்ல வேண்டாம். அன்றைக்குப் பணப்பேச்சு எழுந்தால் கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். எழாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்க்கலாம். சிம், சிங்பாஸ், அறை, ஜாமீன் இவை எதிலும் மறுபடி அவர் பெயர் வர வேண்டாம்.